வற்றிய தொட்டியில் 0.5

நல்லாத்தான் ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் உற்றுப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, ஒரு மடக்கு வாயில் ஊற்றி, இரண்டு கன்னத்துக்கும் உருட்டி விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வாரே, அவர். ஆய்வுக்கூடம் எதற்கு? நாக்கு இருக்கிறது. அறுபது வருஷம் ஃபில்டர் காபியில் சூடுபட்ட நாக்கு.

இந்த இனம் தரையில் மட்டும்தான் வாழும் என்று நினைத்துவிடாதீர்கள். கடலிலும் உண்டு.

என் அப்பா பொன்ராஜ் இருபத்திரண்டு வருஷம் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது வேலையில் பாதி. மறு பாதி, குடிதண்ணீர். முந்நூறு பேர் ஒரே தொட்டியிலிருந்து குடிக்கிறார்கள், தண்ணீர் கெட்டால் தெருமுனைக் கடையில் போய் கேன் வாங்க முடியாது, தெருமுனையே கிடையாது. அதனால் துறைமுகத்தில் தண்ணீர் ஏற்றுவதற்குத் தனி ஹோஸ். அது தரையில் படக்கூடாது. வேலை முடிந்ததும் இரண்டு முனைக்கும் மூடி போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். தொட்டியில் குளோரின் போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். பிறகு தினமும் சோதனை. அதுவும் தொட்டியின் பக்கத்தில் அல்ல, கப்பலின் கடைசிக் குழாயில். ஒரு குப்பித் தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று ஒரு அட்டையோடு ஒப்பிட்டு, கிடைத்த எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும்; 0.5 பக்கத்தில் இருந்தால் நல்லது. மஞ்சளே வராவிட்டால் குளோரின் தீர்ந்துவிட்டது, கிருமிக்குக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான் விஷயம். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம். ஒரே சிக்கல், தினமும் செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு முன்னால் அந்தக் கப்பலில் இந்த வேலையைப் பார்த்தவர் நம் இனத்தைச் சேர்ந்தவர். தொண்ணூறு நாளும் 0.5 என்று எழுதியிருந்தார். மேலதிகாரியான டாக்டர் பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாராம்: "கப்பல் ஆடுது, கடல் ஆடுது, தொட்டி ஏறி இறங்குது. இந்த நம்பர் மட்டும் எப்படிய்யா ஆடாம நிக்குது?"

"தண்ணி நல்லாத்தான் சார் இருக்கு."

அடுத்த வாரம் நாற்பது பேர் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள். போர்க்கப்பல். எதிரி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

ஓய்வுபெற்ற அப்பா மயிலாப்பூரில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்துக்குக் கரையேறினார். மூன்றாம் நாளே கீழ்த்தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, குளோரின் போட்டார். நாலாம் நாள் ஒரு நீலப் பெட்டியில் குப்பி, அட்டை, சொட்டு மருந்தோடு மாடிப்படி ஏறினார். கடைசிக் குழாய் எது என்று கண்டுபிடித்தார்: மூன்றாம் மாடியில், தாரணி வீட்டுச் சமையலறையில் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நிற்பார். தாரணியின் மகள் ஹம்சினிக்கு ஆறு வயது. சொட்டு விடுவது அவள் உரிமை. "மஞ்சள் வந்துடுத்து தாத்தா!" என்று அவள் கத்துவது எங்கள் வீடுவரை கேட்கும்.

இப்போது எங்கள் நல்லாத்தான் ஆசாமியை அறிமுகப்படுத்துகிறேன். ஸ்ரீகிருஷ்ணா மாமா. சங்கச் செயலாளர். கல்லூரியில் முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தியவர். இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பொன்ராஜ் சார், நீங்க கப்பலை விட்டு இறங்கி வருஷம் பத்தாறது. கப்பல்தான் உங்களை விட்டு இறங்க மாட்டேங்கறது" என்பார். தம்ளரைத் தூக்கிக் காட்டுவார். "பாருங்கோ, ஸ்படிகம்!"

"கிருமிக்கு நிறம் கிடையாது சார். ருசியும் கிடையாது" என்பார் அப்பா.

லாரித் தண்ணீர் கொண்டுவரும் கபாலிக்கு அப்பா ஒரு ரப்பர் மூடி வாங்கிக் கொடுத்தார். ஹோஸின் வாய் தெருவில் புரளாமல் மாட்டிவைக்க வாசல் தூணில் ஒரு கொக்கியும் அடித்தார்.

"இன்னா நைனா, ஹோஸுக்குத் தொப்பி போட சொல்ற? அப்பால செருப்பு கேக்குமே" என்று சிரித்தான் கபாலி. ஆனால் மாட்டினான். ஒரே மாதத்தில் அடுத்த தெரு ஆட்களை, "த்தே, தரையில போட்டுக்கினு கீறியே, அறிவு கீதா?" என்று அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டான். மனிதர்கள் மாறுவார்கள். நல்லாத்தான் ஆசாமி மாற மாட்டார். மாறுவதற்கு அவரிடம் என்ன குறை?

பிப்ரவரியில் அப்பா இறந்தார். மாரடைப்பு. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஸ்ரீகிருஷ்ணா மாமா வந்தார். "ஏம்மா கீர்த்தி, அப்பா ஆரம்பிச்ச காரியம் நின்னு போகப்படாது. அந்த ரிஜிஸ்டரைக் கொடு. இனிமே நான் பாத்துக்கறேன். அவருக்கு நாங்க செய்யற மரியாதை." எல்லோரும் நெகிழ்ந்தார்கள். நானும். பதிவேட்டைக் கொடுத்தேன். அதற்கு மாமா பிளாஸ்டிக் உறை போட்டார், முதல் பக்கத்தில் குங்குமம் வைத்தார், வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்டார். மூன்று மாடி ஏற முட்டி விடாது, கீழ்க் குழாயிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று தாரணியிடம் சொல்லிவிட்டார். நல்லாத்தான் ஆசாமிக்குப் பதிவேடு என்றால் உயிர். பதிவேடு இருந்தால் வேலை முடிந்ததாகத்தானே அர்த்தம்? கொக்கியில் பூக்காரம்மா பூப்பொட்டலம் மாட்டத் தொடங்கினாள். கபாலியின் ரப்பர் மூடி தொலைந்தது; கேட்க ஆள் இல்லை.

மார்ச் கடைசியில் தெருவைத் தோண்டியவர்கள் குழாயை உடைத்தார்கள். இரண்டு நாள் கீழ்த்தொட்டி வற்றிக் கிடந்தது. மூன்றாம் நாள் லாரி வந்தது. ஹோஸின் வாய் தோண்டிய பள்ளத்துக் கறுப்புத் தண்ணீரில் சாவகாசமாகப் படுத்து எழுந்து எங்கள் தொட்டிக்குள் போனது. மாமா ஒரு தம்ளர் பிடித்தார். தூக்கினார். தீர்ப்பு உங்களுக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஹம்சினிக்குக் காய்ச்சல். டைபாய்டு. மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாலாம் நாளும் காய்ச்சல் நூற்று மூன்றில் நின்றது.

அவசரக் கூட்டம், வண்டி நிறுத்துமிடத்தில். மருத்துவமனையிலிருந்து நேராக வந்த தாரணி உட்காரவில்லை. "டாக்டர் முதல்ல கேட்டதே, வீட்டுத் தண்ணி எப்படின்னுதான்."

"எல்லா ஆத்துலயும் ஆர்.ஓ. இருக்கேம்மா" என்றார் மாமா.

"குழந்தை ஆர்.ஓ.லயா பல் தேய்க்கறா?"

மாமா உறை போட்ட பதிவேட்டைக் கேடயம்போல் நீட்டினார். "அதுக்குத்தான் இது. பாரு. ஒரு நாள் விட்டுப் போகலை."

உண்மை. ஒரு நாளும் விட்டுப் போகவில்லை. 0.5, 0.5, 0.5. ஒரே பேனா, ஒரே சாய்வு. புள்ளியியல் பேராசிரியர். தாரணி விரலை வைத்துக்கொண்டே இறங்கி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"மாமா, இந்த ரெண்டு நாளும் தொட்டியில தண்ணியே இல்லையே."

மற்ற இனமாக இருந்தால் இங்கே தலை குனிந்திருக்கும். மாமா நிமிர்ந்தார். "அதைத்தானேம்மா சொல்றேன்! தண்ணி இல்லாத அன்னிக்குக்கூட நான் விடலை!"

யாரோ சிரித்தார்கள். தாரணி சிரிக்கவில்லை.

"எதை வெச்சு டெஸ்ட் பண்ணினேள்?"

"இதென்ன கேள்வி? பொன்ராஜ் சாரோட பெட்டி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

பெட்டி எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அப்பாவின் மடித்த சட்டைகளுக்குப் பக்கத்தில். மாமா பதிவேடு கேட்டார், கொடுத்தேன். பெட்டியை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சோதிப்பவர் அல்லாத வேறு ஒருவர் நிறத்தைத் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது கப்பல் வழக்கம். அப்பா இங்கே வீட்டுக்காரர்களுக்காக அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார். தாரணி அந்தக் கட்டத்துக்கு வந்தாள். எட்டு ஞாயிறு. எட்டுக் கையெழுத்து. அதில் நாலு, கீர்த்தி.

அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று வழங்குவது என் தொழில். மாமா படிக்கட்டில் நிறுத்தி, "இங்கே ஒரு கையெழுத்து" என்று விரல் வைத்துக் காட்டுவார். கட்டங்களின் தலைப்புகள் அப்பா எழுதியவை. தேதி, நேரம், குழாய், அளவு. அந்த எழுத்தைத்தான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். கீழே இருந்த எண்ணைப் பார்க்கவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். கடைசிக் குழாய். குப்பியில் பிடித்துச் சொட்டு விட்டேன். காத்திருந்தேன். மஞ்சள் வரவில்லை. இன்னும் நாலு சொட்டு. வரவில்லை. ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன். தூசி இல்லை, கலங்கல் இல்லை. பார்வைக்கு நல்லாத்தான் இருந்தது.

அன்றைக்கே தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினோம். கபாலி கூப்பிடாமலே வந்து இறங்கினான். புது மூடி அவனே வாங்கியிருந்தான். "ஐயா இருந்தா என்னைச் சும்மா வுட்டிருப்பாரா?" என்றான். ஹம்சினி பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினாள், கன்னம் ஒட்டி, சொட்டு விடும் உரிமையை விட்டுக்கொடுக்காமல். இப்போது காலை ஏழு மணிக்கு அவள் வீட்டில் நான் நிற்கிறேன். எண் ஆடுகிறது. 0.4, 0.6, ஒரு நாள் 0.1. அன்றைக்கு ஸ்ரீகிருஷ்ணா மாமா என்னைத் தனியே அழைத்தார். "குளோரின் போட்டாச்சோன்னோ? அப்புறம் எதுக்கும்மா அதை எழுதிண்டு? சங்கத்துக்கு அசிங்கம். 0.5ன்னு போட்டுடேன், அழகா இருக்கும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டியின் மூடியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? இதைப் படித்ததும் மனத்துக்குள் ஒரு பதில் எழுந்ததே, 'அதெல்லாம் நல்லாத்தான்' என்று தொடங்கி? எழவில்லையா? அப்படியானால் நீங்கள் வேறு இனம். மிக்க மகிழ்ச்சி. எதற்கும், அடுத்த முறை மாடிப்படியில் யாராவது பேனாவை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினால், அந்த விரலைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். எண் அதற்கு அடியில்தான் இருக்கும்.