ஒத்திவைத்த வரி

“ஒத்திக்கு வச்சது வச்சீக. யாருகிட்ட வச்சீகன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?”

தங்கசாமி இவ்வாறு கேட்டுக்கொண்டே அலுவலகத்தினுள் நுழைந்தபோது, கணக்கர் சென்னகேசவன் தயிர்ச்சாதத்தின் முதற் கவளத்தைக் கையில் எடுத்திருந்தார். அக்கவளம் வாய்க்குச் சென்று சேரவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடிக்குச் செல்லும் சாலையோரத்தில் இருந்த அந்தப் பருத்தி அரவை நிறுவனத்திற்கு, சுற்றுவட்டார விவசாயச் சம்சாரிகள் பலர் பங்குதாரர்கள். “இங்கிலீசுல அச்சடிச்சுக் குடுத்தா, அதுல வடைதான் மடிக்கலாம்” என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் அவர்களுள் ஒருவரான திருச்சுழித் தங்கசாமி முழங்கியதன் பயனாக, இவ்வாண்டு அறிக்கை தமிழில் வரும் என்று நிர்வாக இயக்குநர் சங்கையா வாக்களித்தார். வாக்களித்தவர் அவர், மொழிபெயர்த்தவர் சென்னகேசவன்.

சென்னகேசவனுக்கு வீட்டில் கன்னடம், கணக்கில் ஆங்கிலம், கடைத்தெருவில் தமிழ். ஆகவே தடித்த அகராதி ஒன்றைத் துணைக்கொண்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்து அவர் மொழிபெயர்த்தார். அவ்வறிக்கையில் அவருக்குப் பெரிதும் மனநிறைவு அளித்தது, ‘ஒத்திவைத்த வரிப் பொறுப்பு: பதினெட்டு லட்சம்’ என்ற வரியேயாகும்.

அகராதியில் ஒத்திவைத்தல் என்றால் பிற்காலத்துக்குத் தள்ளிவைத்தல். திருச்சுழிப் பக்கத்தில் அகராதி செல்லாது. அங்கே ஒத்தி என்றால் ஒத்திதான்: கைநிறையப் பணத்தை வாங்கிக்கொண்டு, அது திரும்பும்வரை புஞ்சைக் காட்டையோ வீட்டையோ பணம் கொடுத்தவரின் அனுபவத்தில் விட்டுவிடுவது.

“அண்ணே, இது அந்த ஒத்தி இல்ல” என்றார் சென்னகேசவன். “மிஷினு தேயுதுல்ல? நம்ம கணக்குல அந்தத் தேய்மானத்த மெள்ள மெள்ளக் கழிக்கிறோம். வருமான வரியில, ஆரம்பத்துலயே வேகமாக் கழிச்சுக்கிட விடுறாக. அதனால இப்ப வரி கம்மி, பின்னாடி கூட. அந்தப் பின்னாடி வரப்போறத இப்பவே எழுதி வைக்கிறோம். அம்புட்டுத்தான்.”

“அப்ப இந்த வருசத்து வரி?”

“அது நடப்பு வரி. கட்டியாச்சு.”

“ஆக, அது நடந்து போயிருச்சு. இது ஒத்திக்குப் போயிருச்சு.”

தங்கசாமி புரிந்துகொண்டுவிட்டார். ஒரு மனிதர் புரிந்துகொண்ட பிறகு அவருக்கு விளக்குவது இயலாத செயல். அன்று மாலைக்குள், ‘மில்லு ஒத்திக்குப் போயிருச்சு’ என்று திருச்சுழியில் பேசிக்கொண்டார்கள். அச்செய்தி பஸ் ஏறி வீரசோழன் ஊரில் சென்று இறங்கியபோது, மில்லையே விற்றிருந்தார்கள்.

மறுநாட்காலை சங்கையா சென்னகேசவனைத் தம் அறைக்கு அழைத்து, கதவையும் சாத்தினார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“ஒத்தின்னு உனக்கு யாருய்யா சொன்னது?”

“அகராதியில இருந்துச்சு மொதலாளி.”

“அகராதியிலயா? அதுல எப்படிய்யா ஏறுச்சு?”

“ரொம்ப காலமாவே இருக்கு மொதலாளி.”

சங்கையா நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். “பேரு கீரு போட்டிருக்கா?”

“வரிக்கு ஏது மொதலாளி பேரு?”

இதனைக் கேட்டுச் சங்கையா நெடுமூச்சு ஒன்று விட்டார். இத்தனை பெரிய நிறுவனத்தை ஆள்பவருக்கு இத்தனை அறியாமையா என்று சென்னகேசவன் மனத்திற்குள் இரங்கினார்.

“ஞாயித்துக்கிழமை கூட்டம்” என்றார் சங்கையா. “அதுக்குள்ள இந்த ஒத்திங்கிற பேச்சு மில்லுக்குள்ள இருக்கப்படாது. இருந்துச்சுன்னா, திங்கக்கிழமை நீ இருக்க மாட்டே.”

ஐம்பத்து நான்கு வயதில், வீட்டுக்கடன் பாதி கட்டிய நிலையில், வேலை தேடி எந்த மில்லின் படியேறுவது? சென்னகேசவன் அன்றே செயலில் இறங்கினார். அவர் சும்மா இருந்திருந்தால் செய்தி தானே ஆறிப்போயிருக்கும்.

முதலில், எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி வெளியிட்டால் ஐயம் நீங்கும் என்று எண்ணினார். பெரிய தாளொன்றில், ‘ஒத்திவைத்த வரிப் பொறுப்பு இருபது லட்சம்; கழிக்க: ஒத்திவைத்த வரிச் சொத்து இரண்டு லட்சம்; நிகரம் பதினெட்டு லட்சம்’ என்று எழுதினார். தொழிலாளர் பணிக்கொடைக்காக எழுதிவைத்த செலவினால் பின்னாளில் வரி குறையும். அக்குறைவே அந்தச் சொத்து என்று கீழே குறிப்பும் சேர்த்தார். லோடு இறக்க வருவோர் அனைவரும் காணும்படி, எடைமேடைக்கு எதிரேயிருந்த மில்லின் சரக்குக் கிட்டங்கியின் கதவில் அதனை ஒட்டினார்.

“என் கதவுல என்னத்தய்யா ஒட்டுற?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பந்தல்குடி அழகுத்தாய், தம் கொத்தமல்லி மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். இரண்டாண்டுகளாக அவருடைய மூட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. வாடகை வரவு எவ்வளவு எழுதுவது என்று சென்னகேசவன் ஒருமுறை கேட்டதற்கு, “எனக்குச் சித்தி முறைய்யா. அவுககிட்டப் போயி வாடகை கேட்டா நல்லாவா இருக்கும்?” என்று சங்கையா கடிந்துகொண்டிருந்தார். உறவைப் போற்றும் முதலாளி.

“கூட்டத்துக்கான கணக்கும்மா.”

“வாசி, கேப்போம்.”

அவர் வாசித்தார். அழகுத்தாய் விரல்களை மடக்கி ஏதோ பார்த்தார். “சரியாத்தான் எழுதியிருக்கியா?”

“ஆடிட்டரே பாத்தாச்சும்மா.”

“என்னத்தப் பாத்தாரோ” என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் உள்ளே சென்றார்.

பிற்பகலில் தங்கசாமி வேறு நால்வரோடு வந்து அத்தாளின் முன் நின்றார்.

“பொறுப்பு போனது பத்தாதுன்னு சொத்தும் ஒத்திக்குப் போயிருச்சு, பாத்தீகளா?”

“அண்ணே, சொத்துன்னா...”

“நேத்து பதினெட்டு. இன்னைக்கு இருபது. ஒரே நாள்ல ரெண்டு லட்சம் ஏறுது. இது ஒத்தியா, கந்துவட்டியா?”

சென்னகேசவன் தாளைக் கிழித்தார். கிழித்ததனால் மறைக்கிறார் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

அடுத்து, குற்றம் சொல்லில்தானே என்று தெளிந்து, அறிக்கையின் ஒவ்வொரு படியிலும் ‘ஒத்திவைத்த’ என்பதன் மேல் ‘தள்ளிப்போட்ட’ என்று அச்சிட்ட சிறு துண்டுகளை ஒட்டினார். விரல்களெல்லாம் பசையாயின.

“கட்ட வேண்டிய வரியக் கட்டாமத் தள்ளிப்போட்டிருக்காக” என்றார் தங்கசாமி. “ரெய்டு வரும். நம்ம வீட்டு அண்டாவ எல்லாம் தூக்கிட்டுப் போவாக.” தம் அண்டாவை அவர் அன்றே கொழுந்தியாள் வீட்டிற்கு அனுப்பிவைத்ததாகவும் கேள்வி.

வேறு வழியின்றி, சனிக்கிழமையன்று மதுரை ஆடிட்டரைத் தொலைபேசியில் அழைத்து, அலுவலகத்தில் கூடியிருந்தவர்கள் கேட்கும்படி ஒலிபெருக்கியில் விட்டார்.

“ஏன் எல்லாரும் பயப்படுறீங்க?” என்றார் ஆடிட்டர். “ரொக்கமா யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல. அது வெறும் பேப்பர்லதான் இருக்கு.”

தங்கசாமி மெல்லத் தலையை ஆட்டினார்.

“பத்திரமே முடிச்சுட்டாக.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திற்கு வந்த அளவு கூட்டம் அந்நிறுவனத்தின் எந்தக் கூட்டத்திற்கும் வந்ததில்லை. பஞ்சுக் கொட்டகை நிறைந்து, வெளியே வேப்பமரத்தடியிலும் ஆட்கள் நின்றார்கள். பங்கே இல்லாதவர்களும் காபிக்காகவும் கலவரத்திற்காகவும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில், முந்தானையில் சாவிக்கொத்தை முடிந்துகொண்டு அழகுத்தாயும் அமர்ந்திருந்தார்.

“மாப்ள, சுத்தி வளைக்காமச் சொல்லு” என்று தங்கசாமி எழுந்தார். “மில்லு ஒத்தியில இருக்கா, இல்லையா?”

சங்கையா எழுந்து கைகூப்பினார். இப்போது அவர் முகத்தில் வெளிறல் இல்லை. தியாகியின் சாயல் இருந்தது.

“என் பெரியப்பா, சித்தப்பா, மாமன் மச்சினனெல்லாம் வேர்வை சிந்திச் சேத்த சொத்து இது. இதுல ஒரு செங்கல்ல நான் ஒத்தி வைப்பனா? அப்படி வச்சா இந்தக் கை வெளங்குமா? எல்லாம் நம்ம கணக்கப்பிள்ளை செஞ்ச கூத்து. நல்ல மனுசந்தான். ஆனா தமிழு கொஞ்சம் தகராறு. தப்ப ஒத்துக்கிட்டு எழுதியே குடுக்காரு. வாசிய்யா கேசவா.”

அந்த மன்னிப்புக் கடிதத்தையும் சங்கையாவே சொல்லச் சொல்ல எழுதியிருந்தார் சென்னகேசவன். சந்திப்பிழைகளை மட்டும் அவர் திருத்தியிருந்தார். எழுந்து நின்றார். தாளைப் பிரித்து வாசித்தார்.

“இந்நிறுவனத்தின் சொத்து எதன்மீதும், எவரிடமும், எக்காலத்தும், ஒத்தி என்பது இல்லை. பதினெட்டு லட்சம் என்று நான் எழுதியதும் பிழை. இருபது லட்சம் என்று எழுதியதும் பிழை. இவை யாவும் என் அறியாமையால் நேர்ந்தவை. இனி எவரும் இதனைக் குறித்துக் கேட்கலாகாது.”

சிலர் கைதட்டினர். தங்கசாமி கூட, “மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும், விடுங்க” என்று பெருந்தன்மை காட்டினார். சங்கையா தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாமே மூடியைக் கழற்றிச் சென்னகேசவனிடம் நீட்டினார். அவரும் கையொப்பமிடக் குனிந்தார்.

அப்போது கடைசி வரிசையில் சாவிக்கொத்து குலுங்கியது. அழகுத்தாய் எழுந்து நின்றார்.

“ஏப்பா சங்கையா, பதினெட்டுன்னீக, பொறுத்தேன், இருபதுன்னீக, பொறுத்தேன், இப்ப ஒண்ணுமே இல்லேங்கிறீக. கிட்டங்கிக்கு நான் எண்ணிக் குடுத்தது இருபத்திரெண்டுல்ல?”