இருபத்தோராவது அர்த்தம்

இருபதுதான் இருந்தது. மூன்றாவது முறை எண்ணியபோதும் இருபதேதான்.

அகராதி அலுவலகத்தில் சேர்ந்து ஐந்தே மாதமான உதவி ஆசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. ‘ஹேண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, மேலே ஒரு தலைப்புச் சீட்டு, அடியில் அர்த்தத்துக்கு ஒரு சீட்டு: கை, கடிகார முள், கூலியாள், கையெழுத்து, வாழைச் சீப்பு, குதிரையின் உயரத்தை அளக்கும் அளவு... உறையின் மேல் பென்சிலில் ‘மொத்தம் 21’ என்றிருந்தது. ஒன்றைத் தொலைத்தது தெரிந்தால் நாளை அவன் வேலை நிரந்தரமாகாது. ஆகிவிட்டதாகப் போன வாரமே மனைவி வீட்டில் அளந்துவிட்டிருந்தான்.

மேசைக்கடியில் தவழ்ந்தான். குப்பைக்கூடையைக் கவிழ்த்தான். கடைசியில் துணிந்து ஒரு புதுச் சீட்டு எழுதினான்: ‘கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் சாய்வு. தச்சர் வழக்கு.’

சீட்டுக் கட்டைச் சரிபார்த்த முதன்மை ஆசிரியையின் விரல் சரியாக அந்தச் சீட்டில் வந்து நின்றது.

“இது எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“புத்தகத்துல இல்ல மேடம். பேச்சு வழக்கு.”

“யாரோட பேச்சு?”

“என் மச்சான். தச்சர்.”

மச்சான் தச்சர் என்பது மட்டும் உண்மை.

“ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல.”

அவன் ஃபோனை மேசைமேல் வைத்து மச்சானை அழைத்தான்.

“மச்சான், கதவு தானா சாத்திக்குற சாய்வை ‘ஹேண்ட்’னுதானே சொல்வீங்க?”

“நானா? எப்ப?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மச்சான்! என் ஆபீஸ்லேர்ந்து கேக்கறாங்க!”

மச்சானுக்குப் பாசம் பொங்கிவிட்டது. “அட, ஆமா மாப்பிள்ளை! எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். அதுலயே மேல்சாய்வு, கீழ்சாய்வு, நடுசாய்வுன்னு மூணு இருக்கே!”

ஆசிரியை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “மூணா? இத்தனை வருஷமா யாருமே கண்டுபிடிக்கலையே! மூணையும் தனித்தனிச் சீட்டா எழுதுங்க. நாளைக்கு அவரை இங்க கூட்டிட்டு வாங்க, பேட்டி எடுக்கணும்.”

ஒன்றைக் கிழித்துப்போட்டு மூன்றை எழுதினான். நாளை மச்சான் வாயைத் திறந்தால் இன்னும் எத்தனை சாய்வு வருமோ என்று பயமாக இருந்தது. எப்படியோ, தொலைந்ததை ஈடுகட்டியாகிவிட்டது. கட்டைத் தூக்கிக்கொண்டு சீட்டுகளைப் பராமரிக்கும் அக்காவிடம் ஓடினான்.

“அக்கா, புதுசா ரெண்டு சேந்திருக்கு. இருபத்தொண்ணை இருபத்துமூணுன்னு மாத்திடுங்க.”

அக்கா நிதானமாக எண்ணினாள். பென்சிலை எடுத்தாள்.

“இருபத்துநாலு தம்பி. புதுசா வந்தது மூணு. முன்னாடி இருபது அர்த்தம்தானே இருந்துச்சு? மேல இருக்குற தலைப்புச் சீட்டையும் சேத்துத்தான் நாங்க எப்பவும் எண்ணுவோம்.”