சம்பந்தியின் செருப்பும் என் பலாமரமும்

காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுப் பலாமரம் காய்க்காததால் செருப்பு சுமந்தது. சுமக்க வைத்தவள் நான்.

பண்ருட்டிப் பழத்தின் கொட்டையை, பள்ளியில் படிக்கும்போது நானே ஊன்றி வளர்த்த மரம். (மற்றவர்கள் கொட்டையைக் குழம்பில் போட்டுத் தின்றார்கள். தொலைநோக்கு எனக்கு மட்டும்தான்.) ஒரு கோடையில் தெருவுக்கே சுளை கொடுத்தேன். அதன்பின் அந்த மரம் இலை உதிர்ப்பதைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. கார் வாங்கிய அப்பாவுக்கு ஷெட் போட இடம் வேண்டும். "நாளைக்கு மரம் வெட்ட ஆளு வருது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிவிட்டார்.

நான் அழுததைப் பார்த்து, பக்கத்து வீட்டு சரோஜாக்கா வழி சொன்னார். "பழைய செருப்பும் தொடப்பமும் கட்டித் தொங்கவுடுடி. கோடாலிய ஓங்கிக்கினு, காய்க்கிறியா வெட்டட்டுமான்னு மெரட்டு. இன்னொருத்தர் வந்து, வேணாம், அடுத்த வருஷம் காய்க்கும்னு கெஞ்சணும். ரோஷம் வந்து காய்ச்சிடும்."

அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது தாவரவியல். (இந்த வைத்தியத்தைக் கல்லூரியில் யாருக்கும் சொல்லவில்லை.)

அன்றைக்கென்று பார்த்து, அக்காவைப் பெண் பார்க்க மண்ணாடிப்பட்டிலிருந்து வந்திருந்தார்கள். கேசரி கொடுத்ததும் நழுவினேன். துடைப்பம் கிடைத்தது. செருப்புதான் இல்லை. விருந்தாளி வருகிறார்கள் என்று அம்மா பழசையெல்லாம் குப்பை வண்டியில் போட்டிருந்தாள். வாசலில் தேடினால், புதுச் செருப்புகளுக்கு நடுவே வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு ஜோடி. இந்தக் கஞ்சத்தனம் எங்கள் அப்பாவைத் தவிர யாருக்கு வரும்?

கட்டினேன். கோடாலியை ஓங்கினேன். "காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

கெஞ்சத்தான் ஆளில்லை. அக்கா பட்டுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். யாராவது வரட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். வந்தார்கள். மாப்பிள்ளை வீடு மொத்தமும் வந்தது. முன்னால் மாப்பிள்ளையின் அப்பா, வெறுங்காலோடு.

"இன்னாம்மா, அது என் செருப்பாச்சே!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பார்த்த பார்வையில், நாளைக்கு வெட்டு விழப்போவது மரத்துக்கு மட்டுமில்லை என்று புரிந்தது. அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். கோடாலியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா கரும்பு விவசாயி. செருப்பைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா, வெட்டாத! இந்த ஒரு தபா வுட்டுடு. வர்ற வருஷம் காய்க்கும், நா ஜாமீன்!" அப்படியே அப்பாவிடம் திரும்பி, "சம்பந்தி, நீங்களும் ஒரு வருஷம் பொறுத்துக்கினா இன்னா?" என்றார்.

சம்பந்தி என்று கேட்டதும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்கு மறுக்க வழியில்லை. தம் செருப்பை மரத்திலேயே விட்டுவிட்டு, அப்பாவின் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினார்.

மறு வருஷம் மரம் அடியிலிருந்தே காய்த்தது. (ரோஷமா, மழையா என்று என் படிப்பு கேட்கும். நான் காதில் வாங்குவதில்லை.) முதல் பழத்தை அக்காவின் மாமனாருக்கு டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸே மணத்தது. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையில்லை. அப்பாவின் கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.

அந்தக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா வாசலிலேயே நின்று, "செருப்ப கையோட உள்ள எடுத்தாந்துடுங்க" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தம் செருப்பைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.