சிங்கப்பூர் ஜெல்லியும் என் கால் பெருவிரலும்

நாகமலை புதுக்கோட்டை,
12.11.2004

சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனன் சின்னக்கருப்பனுக்குத் தங்கப்பாண்டி எழுதுவது.

இங்கு என் இடதுகால் பெருவிரல் நீங்கலாக அனைவரும் நலம். அந்த விரலைச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அங்கு உன் விரல்கள் எல்லாம் நலமாக இருக்க முனியாண்டி சாமியை வேண்டுகிறேன்.

மாப்ளே, உன் அக்காவின் கருமாதிப் பந்தலிலேயே, "தாய்மாமன் நான் இருக்கேன், முனீஸ்வரிய எனக்கே குடுத்துருங்க" என்றாய். உனக்கு நாற்பது வயது. என் மகளோ வனக்காவலர் வேலைக்குத்தான் போவேன் என்றாள். நெடுந்தூர நடைத் தேர்வில் தேறினால் வேலை, தோற்றால் தையில் கல்யாணம் என்று பெரியவர்கள் முன்னால் வாக்குக் கொடுத்தேன். பிறகு நீயே, நடக்கும்போது மென்றால் தெம்பு வரும் என்று ஜெல்லி மிட்டாய் ஒரு பெட்டி அனுப்பினாய். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் நீ.

நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. தினமும் செக்கானூரணி வரை அவள் நடக்க, நான் டி.வி.எஸ். பிப்டியில் பின்னாலேயே போய் ஒவ்வொரு பண்டமாகப் பரீட்சை வைத்தேன். கடலை மிட்டாய் பல்லில் அப்பி அவளால் மூச்சுவிட முடியவில்லை. எள்ளுருண்டைக்குக் குடம் தண்ணீர் பத்தாது. பேரீச்சம்பழம் நல்லதுதான், கொட்டை துப்பும்போதெல்லாம் நடை தவறியது. உன் ஜெல்லி வெயிலில் இளகி என் சட்டைப்பையோடு ஒட்டிக்கொண்டதால் எறும்பையும் சேர்த்தே மென்றோம். நான் தின்று பார்க்காததைப் பிள்ளைக்குக் கொடுப்பேனா? அவளுக்கு ஒன்று என்றால் எனக்கும் ஒன்று. எனக்குச் சர்க்கரை இருப்பதை டாக்டரும் அவளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அதனால்தான் வண்டி சைலன்சர் சுட்ட பெருவிரல் ஆறவேயில்லை.

தேர்வன்று அவளுக்கு நாலு ஜெல்லி, எனக்கு நாலு. கடைசித் திருப்பத்தில் சாலையோரம் நின்று கையை ஆட்டியது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்.

"என்னத்தா ஆச்சு?"

"ஜெல்லி தொண்டயில அடச்சிருச்சுப்பா. நிண்டுட்டேன். தோத்துட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஜெல்லி அனுப்பியே காரியத்தைச் சாதித்துக்கொண்டாய். ஆனாலும் வாக்கு வாக்குதான். தையில் வந்து சேர். முகூர்த்தம் பார்த்து வைக்கிறேன். குலசாமி உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
கால்விரல் ஒன்பதுடன்,
தங்கப்பாண்டி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, அன்று என் பக்கத்தில் நின்ற பேயாண்டி பார்க்க வந்தான். ஜெல்லி தொண்டையில் அடைத்த கதையைச் சொன்னேன். "ஆரு சொன்னது? ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்த புள்ளண்ணே. நீ மயங்கி விழுந்ததப் பாத்துட்டு வரிசய விட்டு ஓடியாந்து, ஒன்னயத் தூக்கி ஆட்டோவுல போட்டுச்சு. அம்புட்டுத்தேன்" என்றான். மாப்ளே, தோற்றது அவள் இல்லை, நான். ஆகவே மேலே எழுதிய வாக்குச் செல்லாது. தையில் வராதே. பெரியவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். அடுத்த தேர்வுக்கும் அவளுக்கு வயது இருக்கிறது. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இந்தத் தடவை அவளுக்கு மட்டும்.