இரண்டாம் கேசட்டும் சம்பந்தியின் மீசையும்

1991 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒரு மணி நாற்பது நிமிடம். ஏற்காட்டில் தூறல். வாசலில் நின்ற ஜீப்பின் இரண்டு முன்விளக்குகளில் ஒன்றை மூடுபனி விழுங்கியிருந்தது. ஒரு படத்தை ரசித்தவருக்கு அதே மாதிரி இன்னொன்றைச் சிபாரிசு செய்யும் என் கெட்ட பழக்கம், என் மகளின் கல்யாணத்தையே பதம் பார்க்கக் கிளம்பியது அப்போதுதான்.

வீட்டின் முன் அறையில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தேன். "நல்ல படமாப் பாத்து அனுப்பு" என்று சிங்கப்பூரிலிருந்த மைத்துனனுக்கு எழுதினேன். அவனோ, கேசட் கடையைக் காலி செய்த யாரிடமோ மலிவாக முப்பத்து நான்கு கேசட் வாங்கி அனுப்பினான். முப்பத்து நான்கும் ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள். (இப்போது அதற்கு அனிமே என்று மரியாதையான பெயர் இருக்கிறது. அன்று வெறும் பொம்மைப் படம்.) பேச்சு ஜப்பான் மொழியில், கீழே ஆங்கில எழுத்து ஓடும். முதல் மாதம் ஒன்பது பேர் எடுத்தார்கள். அதில் நான்கு பேர் தெரியாமல் எடுத்தவர்கள்.

போட்ட பணம் போய்விடுமே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எத்தனை சண்டை, எத்தனை அழுகை, எத்தனை சிரிப்பு, எத்தனை சாப்பாடு என்று எண்ணி, ஒத்துப்போனவற்றை ஜோடி சேர்த்தேன். பந்தாட்டப் பையன் தொடர் பிடித்தவருக்கு நீச்சல்காரப் பெண் தொடர்: இரண்டிலும் பயிற்சி கொடுப்பவர் ஓயாமல் கத்துவார், கடைசிப் போட்டியன்று மழை பெய்யும். விண்வெளியில் வழி தவறிய கப்பலுக்குத் தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள்: இரண்டிலும் இருக்கிற உணவைப் பங்கு போடும்போதுதான் யார் நல்லவன் என்று தெரியும். ஆச்சரியமாக, திட்டம் பலித்தது. ஒன்றை எடுத்தவர்கள் மறுநாளே அதன் ஜோடியைக் கேட்டு வந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆளைப் பார்த்ததும், "உங்களுக்கு ஆறாம் ஜோடிதானுங்க சரிப்படும்" என்று நாடி பிடித்த வைத்தியர் மாதிரி சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிறு என் மகள் கலைச்செல்வியைப் பெண் பார்க்க ஓமலூர்ப் பக்கமிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை செந்தில், அரிசி ஆலை வைத்திருக்கும் அவர் அப்பா, அம்மா, ஆக மூன்று பேர். பஜ்ஜி, காபி வரை எல்லாம் நல்லபடியாகப் போனது. என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டதும் ஆலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"கை நனைக்கறது முடிவு பண்ணிப்போட்டுத்தானுங்க. ஊட்டுக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லி உடறோம்."

எங்கள் பக்கம் பெண் வீட்டில் சோறு சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் போனவர்கள் பெரும்பாலும் சொல்லியும் அனுப்புவதில்லை. ஏற்கெனவே ஐந்து குடும்பங்கள் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் இறங்கிப் போயிருந்தன. அந்த ஐவரைப் பற்றிக் கலை கவலைப்படவில்லை. ஆனால் இன்று, கேட்காமலே இரண்டாம் முறை காபி கொண்டுவந்தாள்.

பனி விலகாமல் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்க மாட்டேன் என்று ஜீப் ஓட்டுநர் சொல்லிவிட்டார். எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. இவருக்குப் பசியைக் கிளப்பிவிட்டால்?

நான்காம் ஜோடியை எடுத்தேன். முதல் கேசட்டில் நூடுல்ஸ் கடைப் பையன் ஒருவன் ஊர் ஊராகப் போய்ச் சமைப்பான். சாப்பாடு ஏழு, சிரிப்பு பதினொன்று, அழுகை இரண்டு. ஆலைக்காரர் முதலில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் சாப்பாட்டில் நாற்காலியை முன்னே இழுத்தார். ஐந்தாவதில் அவர் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது.

"ஏனுங்க, அது என்ன அரிசிங்க? நொம்ப வெள்ளையா இருக்குது."

"அது ஜப்பான் அரிசிங்க. உள்ள வெந்திருக்கறது பொன்னிங்க."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தார். பிறகு, "இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க! இது புடிச்சவங்களுக்கு அது கட்டாயம் புடிக்கும். சோத்துக் கணக்கு அச்சா ஒண்ணுங்க. இலையில உக்காந்துக்கிட்டே பாக்கலாமுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "பனி உடற மாதிரி தெரியலீங்க" என்றார் அந்த அம்மாள். இலை போட்டாயிற்று. மூவரும் உட்கார்ந்தாயிற்று. என் மனைவி சோறு வைத்தாள், நான் இரண்டாம் கேசட்டை வைத்தேன்.

அது சத்திரம் நடத்தும் ஒரு பெண்ணின் கதை. அங்கேயும் சாப்பாடு ஏழு, சிரிப்பு பதினொன்று, அழுகை இரண்டு. ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து என்று நான் கணக்கெடுக்கவில்லை. பதினொன்றும் ஒரே ஆளைப் பார்த்துத்தான்: காசு கொடுக்காமல் சாப்பிட வரும் ஊர்த் தலைவர். பளபளக்கும் வழுக்கை, கடைவாய் வரை தொங்கும் மீசை.

ஆலைக்காரருக்கும் வழுக்கை, கடைவாய் வரை தொங்கும் மீசை. (அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறேன். ஜீப்பிலிருந்து இறங்கியதுமே எங்கேயோ பார்த்த முகம் என்று பட்டது. சேலம் பஸ் நிலையமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)

திரையில் தலைவர் தட்டின் முன் அமர்ந்து, மூன்று முறை செருமி, சட்டைக் கையைச் சுருட்டினார். எங்கள் கூடத்தில் ஆலைக்காரர் இலையைப் பார்த்தபடி மூன்று முறை செருமி, சட்டைக் கையைச் சுருட்டினார்.

சமையலறை வாசலில் ஒரு சத்தம். வாயைப் பொத்திக்கொண்டதால் கலையின் மூக்கு வழியாக வெளியேறிய சிரிப்பு அது. உடனே மாப்பிள்ளையும் சிரித்தார். நான் படத்தை நிறுத்த ஓடி, பதற்றத்தில் வேறு பட்டனை அமுக்கினேன். அந்த முகம் வாயை ஆவென்று திறந்தபடி திரை முழுக்க உறைந்து நின்றது.

ஆலைக்காரர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சோற்றுக்கு அரை அங்குலம் மேலே வந்திருந்த கையைப் பின்னே இழுத்துக்கொண்டார்.

"வேணும்னே போட்டீங்களா?"

"இல்லீங்க! சத்தியமா கணக்குப் பாத்துத்தான் போட்டனுங்க!"

"ஓ... கணக்குப் பாத்து!"

(இதைவிட மோசமான பதில் ஒன்று உண்டா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இல்லை.)

"எந்திரி செந்திலு. போலாம். பனியாவது மண்ணாவது!"

செந்தில் எழவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "அப்பா, நான் கை நனைச்சுட்டனுங்களே."

"எப்படா?"

"நீங்க செருமுனப்பங்க."

"நானும் ஒரு வாய் வெச்சுட்டனுங்க" என்றார் அந்த அம்மாள், கணவர் முகத்தைப் பார்க்காமல். "பருப்பு நல்லா இருக்குதுங்க."

ஆலைக்காரர் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. பனியோடு கோபித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? நாற்பது நிமிடம். பிறகு, குளிரில் மீசை நனைந்து, ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"உங்க கேசட்டுல நான் கேவலப்பட்டனுங்க. உங்க செலவுலயே ஒரு கேசட்டுல நான் நல்லாத் தெரியோணும். கல்யாணத்துல பொண்ணு மாப்பிளைக்கு ஒரு கேமரா. எனக்குத் தனியா ஒண்ணு. சோறு உங்கறப்ப மட்டும் எடுக்கப்படாது."

தையில் கல்யாணம் நடந்தது. அந்த வீடியோவில் மணமகள் நாற்பத்தொரு நிமிடம் வருகிறாள். சம்பந்தி இரண்டு மணி ஆறு நிமிடம்: வரவேற்கிறார், வாழை மரத்தைத் தடவுகிறார், காரணமில்லாமல் படியேறுகிறார், மறுபடி இறங்குகிறார். தீபாவளிக்குத் தீபாவளி எல்லோரையும் உட்கார வைத்துப் போடுவார். பேத்தி ஐந்து வயதில் கேட்ட கேள்வியை இன்றும் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்: "ஓமலூர்த் தாத்தாவுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு? கூட அம்மாவும் அப்பாவும் எதுக்கு நிக்கறாங்க?"

தனிக் கேமரா, அதற்கு விளக்குப் பிடித்த ஆள், கூடுதல் கேசட் இரண்டு, படியேறும் காட்சி சரியாக வரவில்லை என்று கேமராக்காரரை மறுநாளும் வரவழைத்ததற்கான பஸ் கட்டணம், எல்லாம் சேர்த்து: இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.