சனல் மாமாவும் நல்ல நேரமும்

லண்டனில் நல்ல நேரம் பார்த்துக் கல்யாணம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நல்ல நேரம் பார்த்து டிவியை ட்யூன் செய்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வாடகை ஒப்பந்தத்தில் அவருக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. நாங்கள் இருந்த மனோர் பார்க் பகுதியில் அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் சனல் மாமா. இலங்கைத் தமிழில் சேனல் என்பது சனல்.

அந்தப் புதன்கிழமை நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் பகுதிக்கு ஒளிபரப்பும் கோபுரம், நண்பகலில் சில சேனல்களை வேறு அலைவரிசைக்கு மாற்றியது. மாறிய பிறகு எல்லாரும் டிவியை ரீட்யூன் செய்து, சேனல்களைப் புதிதாகத் தேடிப் பிடிக்கவேண்டும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

2. புதன்கிழமை நண்பகலில் ராகு காலம்.

3. ஆகவே சனல் மாமா, தெருவிலிருந்த தமிழ் வீடுகள் அத்தனைக்கும் காலையிலேயே போய் ரீட்யூன் செய்து முடித்தார்.

4. அன்று மாலை அவருடைய மனைவி சறோ மாமி, ஒரு சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில் டிவியில் வரவேண்டியிருந்தது.

5. வந்தார். ஆனால் தெரு எதிர்பார்த்த வழியில் அல்ல.

நான் திருச்சிப் பெண்; படித்தது ரேடியோ அலைகள். லண்டனுக்கு வேலைக்கு வந்த புதிதில் மாமா வீட்டின் கூரை அறையை வாடகைக்குக் கேட்டுப் போனேன்.

"பிள்ளைக்கு என்ன வேலை?"

"மொபைல் கம்பெனியில அலைவரிசை பிளானிங் பண்றேன், மாமா."

மாமா வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைக் கையில் வைத்தார். பின்னால் நின்ற சறோ மாமி தலையில் அடித்துக்கொண்டார். "பிள்ளை, இனி உங்களுக்கு நித்திரை இல்லை."

உண்மைதான். வீட்டு ஏரியல், அதாவது டிவி ஆன்டெனா, என் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. ஞாயிறு காலையில் ஓட்டின் மேல் காலடிச் சத்தம் கேட்டால், நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். மாமா கூரையிலிருந்து கேட்பார். நான் அதைப் படிக்கட்டில் இறக்குவேன். மாமி டிவியின் முன்னாலிருந்து பதிலை ஏற்றுவார்.

"இப்ப வருகுதோ?"

"வரேல்லை!"

"இப்ப?"

"வந்திட்டுது! அப்பிடியே அசையாமல் நில்லுங்கோ!"

"எவ்வளவு நேரம்?"

"இந்த நாடகம் முடியுமட்டும்!"

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுவது மாமாவின் தொழில். காலையில் ஒரு ஓட்டம், ஒன்றரை மணிக்கு மேல் இன்னொன்று. இடையில் கிடைக்கும் நேரம் முழுவதும் ஊராரின் டிவிகளுக்கு. அறிவிப்பு வந்தாலும் ரீட்யூன் செய்வார், வராவிட்டாலும் செய்வார். "சேர்விஸ் செய்யாத காரும் ரியூன் செய்யாத ரீவியும் ஒண்டு" என்பார். யார் வீட்டுக்குப் போனாலும் தேநீர் வருவதற்குள் ரிமோட் அவர் கைக்கு வந்துவிடும்.

ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தோம். முன்னறையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கண், மூலையில் சும்மா இருந்த டிவியின் மேல் விழுந்தது. ரிமோட்டை எடுத்து ரீட்யூன் செய்யத் தொடங்கியவர், சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டார். அடுத்த பதிகம் தொடங்குவதற்குள், டிவியில் ஒரு பெண் தரை துடைக்கும் மாப்பை முழுக்குரலில் விற்க ஆரம்பித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா பதறவில்லை. டிவியை அணைத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய்க் காதில் சொன்னார்: "தம்பி, புதுசா ஆறு சனல் பிடிச்சிருக்கு."

வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "தாங்ஸ் அண்ணை" என்றார்.

வானம் தெளிவாக இருக்கும் மாலைகளில் என் அறை ஜன்னலிலிருந்து, தெற்கே மிகத் தூரத்தில், ஒளிபரப்புக் கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் தெரியும். மாமா அதற்காகவே படியேறி வருவார். கும்பிடமாட்டார். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்.

இந்தப் பக்திக்கு ஒரே எதிரி, வெம்பிளியிலிருந்த அவருடைய மருமகன் ரமணன்.

"மாமா, அந்த ஏரியலைக் கழட்டி மியூசியத்துக்குக் குடுங்கோ. இப்ப எல்லாம் இன்ரநெற்றில வருது."

"அது வயர், தம்பி. ஆரும் ரோட்டைக் கிண்டினால் முடிஞ்சுது. இது ஆகாயம். ஆகாயத்தை ஆர் கிண்டுறது?"

இன்டர்நெட் வழியாக வரும் டிவியைத் தன் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று சபதமும் எடுத்திருந்தார்.

சறோ மாமி ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே யாரோ அவருடைய பெயரை ஒரு டிவி சமையல் போட்டிக்குக் கொடுத்துவிட, மாமி சுற்றுக்குச் சுற்று தேறி இறுதிக்கு வந்துவிட்டார். எல்லாம் மாதக்கணக்கில் முன்பே படம்பிடித்து முடிந்த சங்கதி. முடிவை ஒளிபரப்புக்கு முன் யாருக்கும் சொல்வதில்லை என்று மாமி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"கட்டின புருசனுக்குமோ?"

"புருசனுக்குத்தான் முக்கியமாச் சொல்லக்கூடாது. நீங்கள் ரியூன் செய்யப் போற வீடெல்லாம் சொல்லுவியள்."

அதன் பிறகு மாமா, மாமியின் முகத்தைச் சிக்னல் மீட்டர் போலப் பார்க்கத் தொடங்கினார். "இண்டைக்குச் சிரிச்சவ, பிள்ளை. வெண்டிருக்கிறா போல." மறுநாள், "இண்டைக்குப் பருப்பில உப்பு இல்லை. ஏதோ பிழை." இறுதிச் சுற்றைத் தன் வீட்டில், தன் ஏரியலில், தெருவையே கூட்டி வைத்துப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. அலைவரிசை மாற்றமும் அதே புதன்கிழமையில் வந்து விழுந்தது.

மாமாவிடம் இரண்டு கலண்டர்கள் உண்டு. கோயிலில் கொடுத்த லண்டன் கலண்டர் ஒன்று, ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் ஒன்று. இரண்டில் எது அதிகம் பயமுறுத்துகிறதோ, அதைத்தான் கேட்பார். இந்த முறை இரண்டுமே நண்பகல் வேண்டாம் என்றன. ராகு காலம் முடிந்ததும் வேன் எடுக்கவேண்டும். செவ்வாய் மாலை நான் பொறுமையாக விளக்கினேன்.

"மாமா, காலையில பண்ணாதீங்க. சிக்னல் அப்போ இன்னும் மாறியிருக்காது. வீடு மாறாத ஆளைப் புது வீட்டுல போய்த் தேடினா யாரு கதவைத் திறப்பா?"

"ஆள் வர முந்தியே நாங்கள் வாசலில நிக்கிறம், பிள்ளை. அதுதான் மரியாதை."

"டிவிக்கு மரியாதை தெரியாது, மாமா."

"அது உங்கட ரீவிக்கு."

என் அறையிலிருந்த சின்ன டிவியைச் சொன்னார். அது மாற்றங்களைத் தானே தேடிச் சரிசெய்துகொள்ளும் வகை. வீட்டிலேயே அவர் கைபடாத ஒரே டிவியும் அதுதான்.

புதன்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது வாசலே அடைத்திருந்தது. அழைக்கப்பட்டவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் தம் வீட்டில் பார்க்க உட்கார்ந்து, சேனலைக் காணாமல் கையில் ரிமோட்டோடு வந்து நின்றவர்கள்.

"சனல் அண்ணை, காலமை இருந்தது. இப்ப ஒண்டையும் காணேல்லை!"

"ராகு காலத்தில ஆரோ தொட்டிருக்கினம்" என்று மாமா கண்டிப்பாகச் சொன்னார். அவருடைய பெரிய டிவியும் கறுப்பாகத்தான் இருந்தது.

சமையலறையில் சறோ மாமி றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். மேசையில் அயலவர்கள் வாங்கி வந்த ஒரு மாலையும், "சம்பியன் சறோ" என்று எழுதிய கேக்கும் இருந்தன. மாமி கேக்கின் பக்கம் திரும்பவே இல்லை.

"பிள்ளை, அந்தச் சனல் இண்டைக்கு வராதோ?"

"ரீட்யூன் பண்ணினா வந்துடும், மாமி."

"ஓ." ஒரு றோலை இரண்டு முறை புரட்டினார். "வராட்டிலும் பரவாயில்லை. எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போகட்டன்."

எனக்கு விளங்கிவிட்டது. முன்னறைக்குப் போவதற்குள் நிகழ்ச்சி தொடங்கும் நேரமாகிவிட்டது. ரீட்யூன் செய்யச் சில நிமிடங்கள் ஆகும் என்றேன். கூட்டம் கத்தியது. ரமணன் எழுந்து தன் லாப்டாப்பைப் பெரிய டிவியில் பொருத்தினார். திரையில் சறோ மாமி ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். தெரு கைதட்டியது.

"பாத்தியளோ, மாமா! வயரில வந்திட்டா மாமி!"

மாமா எழுந்தார். "பிள்ளை, உங்கட ரீவியில வருகுதோ?"

"வருது, மாமா."

"வாங்கோ."

சொந்த மனைவியைச் சொந்த வீட்டில், வாடகைக்காரப் பெண்ணின் சின்ன டிவியில் பார்க்க அவர் படியேறினார். சபதம் சபதம்தான்.

மேலே போனதும் ஒரு அதிசயம். நடுவர், இடியப்பத்துக்கு ஊற்றும் மாமியின் தேங்காய்ப்பால் சொதியை ஒரு கரண்டி குடித்துவிட்டு, "இந்தச் சூப் அற்புதம்" என்றார். நாங்கள் சிரித்து முடித்து வெகுநேரம் கழித்துத்தான் கீழே சிரிப்பு வெடித்தது. இணையத்தில் வருவது படத்தைச் சேர்த்துச் சேர்த்து அனுப்புவதால் அரை நிமிடம் பிந்தும் என்றேன்.

மாமாவின் முகம் சூரியனானது. "அப்ப நாங்கள் முந்தி!"

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. படிக்கட்டில் தலையை நீட்டி, "இப்ப மற்றப் போட்டிக்காரன்ர இடியப்பம் உடையப் போகுது, பாருங்கோ!" என்று கத்துவார். அரை நிமிடத்தில் கீழே, "ஐயோ, உடைஞ்சிட்டுது!" என்று குரல் எழும்.

"மாமா, வாயை மூடுங்கோ! சஸ்பென்ஸ் போகுது!" இது ரமணன்.

"ஆகாயம் தம்பி, ஆகாயம்!"

கடைசியில் போட்டியாளர்களை வரிசையாக நிறுத்தினார்கள். மாமா என் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நடுவர் நீண்ட நேரம் பேசாமல் நின்று, ஒரு பெயரைச் சொன்னார்.

அது சறோ மாமியின் பெயர் அல்ல. மாமிக்கு இரண்டாம் இடம். திரையில் மாமி முதல் ஆளாகத் திரும்பி, வென்றவளைக் கட்டிக்கொண்டார்.

மாமா ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு தரையை. கீழே ஒரு சத்தமும் இல்லை. அங்கே நடுவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு செய்தியை ஒரு நிமிடம் வைத்திருக்கத் தெரியாத மனிதர், அப்போது படிகளில் இறங்கிய வேகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் பின்னால் ஓடினேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமி சமையலறை வாசலில், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். மாமா மேசையிலிருந்த மாலையை எடுத்தார். நேராகப் போய் டிவியின் முன்னால், திரை முழுவதும் மறையும்படி நின்றார்.

"தள்ளுங்கோ அண்ணை! ரிசல்ட்!"

"ரிசல்ட் கிடக்கட்டும்! சறோ, இஞ்ச வா!"

"இஞ்சருங்கோ, என்ன விசரே உங்களுக்கு?"

"ஓம், விசர்தான். இந்த நாடே பாக்க என்ர மனுசி நிண்டு சமைச்சிருக்கிறா. இதுக்கு ஆற்ற ரிசல்ட்டும் எனக்குத் தேவையில்லை. எல்லாரும் எழும்பிக் கையைத் தட்டுங்கோ!"

மாலை மாமியின் கழுத்தில் விழுந்தது. விசிலும் கூச்சலுமாக வீடு அதிர்ந்தது. போன்கள் எல்லாம் மாமியின் பக்கம் திரும்பின. மாமாவின் முதுகுக்குப் பின்னால் நடுவர் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

சத்தம் அடங்கியபோது திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. "ஆர் வெண்டது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாங்கள் செக்கண்ட்" என்றார் மாமா. "கேக்கை வெட்டுங்கோ."

மாமி மாலையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் பாத்திட்டியளோ?"

"மேல கொஞ்சம் முந்தி வந்தது" என்றார் மாமா.

மாமி சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு சிக்னல் நூற்றுக்கு நூறு.

இப்போதைய நிலவரம் இது. சறோ மாமி அதே பள்ளியில்தான் இருக்கிறார். வாரம் ஒருநாள் அங்கே சொதி உண்டு. பிள்ளைகளும் அதைச் சூப் என்றுதான் சொல்கிறார்களாம். ரமணன் வெம்பிளி வீட்டில் ஏரியல் பொருத்திவிட்டார். பந்தாட்டத்தில் கோல் விழுவது பக்கத்து வீட்டுக்கு முன்பே தனக்குத் தெரியவேண்டுமாம். கூரை ஏறியவர் மாமா, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில்.

நான் பக்கத்திலிருக்கும் பார்க்கிங் என்ற ஊருக்கு வீடு மாறிவிட்டேன். டிவி அதேதான், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளக்கூடியது. அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். அறிவிப்பு வரும்போதெல்லாம் மாமா வந்து ரீட்யூன் செய்துவிட்டுப் போகிறார்.