பேப்பர் சிறுத்தை, ரேடியோ சிறுத்தை

"கடப்பாரையால ஒரே அடியாமே. பேப்பர்ல போட்டுக்கீறான்," என்றாள் மருதேவி. அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை.

அப்பாண்டைநாதன் மனைவி கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிப் படித்தார். 'செஞ்சியில் சிறுத்தையை அடித்துக் கொன்ற வேர்க்கடலை வியாபாரி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே அவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், குடோன் இருக்கும் தெரு எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன. நடந்த சங்கதி மட்டும்தான் தப்பு.

வேறு யாராவதாக இருந்தால் அந்தச் செய்தியைக் கத்தரித்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள். அப்பாண்டைநாதன் ஜைனர், ஊராருக்கு 'நயினார்'. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பவர். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி தட்டில் விழுந்து சாகுமே என்று பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடாதவர். வருகிற வெள்ளிக்கிழமை மகள் ஜெயமாலாவுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தியாகப் போகிற சிங்கவரத்து நேமிராஜ் இவரையும் மிஞ்சியவர். மூட்டைப்பூச்சியைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வருவார். அவர் கொலைகாரன் வீட்டில் பெண் எடுப்பாரா?

நடந்தது இவ்வளவுதான். ஒரு வாரமாகவே கோட்டை மலையில் சிறுத்தை நடமாட்டம் என்று ஊரெல்லாம் பேச்சு. நேற்று அந்தி மயங்கும் நேரத்தில் கொல்லை மதிலைத் தாண்டி ஏதோ ஒன்று குதித்துக் கடலைக் குடோனுக்குள் பாய்ந்தது. அப்பாண்டைநாதன் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தெருவைக் கூட்டினார். உள்ளே மூட்டைகள் சரியும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இன்று விடிந்ததும் காட்டிலாகா ஆட்கள் கதவைத் திறந்தார்கள். கூரை ஓடு பிரிந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் செய்தி அனுப்புகிறவர்களுக்கு விடியும்வரை பொறுமை இல்லை. நேற்றே அவரவர் மனசுக்குத் தோன்றியபடி அனுப்பிவிட்டார்கள்.

"இதை மாத்தாம வுட மாட்டேன்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்பாண்டைநாதன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

பேப்பர் ஏஜென்ட் துரைக்கண்ணு எழுந்து நின்று கும்பிட்டான். "வாங்க நயினாரே. செஞ்சிக்கே பெருமை தேடிக் குடுத்துட்டீங்க."

"நான் கொல்லலப்பா. தப்புன்னு போடச் சொல்லு."

"போடுவாங்க. எழுதிப் போட்டா விசாரிப்பாங்க. அப்புறம் எடம் இருந்தா, உள்பக்கத்துல, பொடி எழுத்துல வரும். ஒரு மாசம் ஆவும்."

"வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும்."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது."

அப்பாண்டைநாதனா விடுவார்? இருந்த பேப்பர் மொத்தத்தையும் வாங்கிக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். யாரும் படிக்க முடியாதல்லவா. ஆனால் பஜார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. தன் வீரத்தை ஊருக்கே இனாமாகக் கொடுக்கப் போகிறார் என்று பேச்சுக் கிளம்பி, அவர் வீடு போய்ச் சேருமுன் வாசலில் பதினைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பேப்பர் தீர்ந்துவிட்ட சந்தோஷத்தில் துரைக்கண்ணு திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பி இன்னொரு கட்டு வரவழைத்தான்.

சாயங்காலம் பஞ்சாயத்து பூங்காவில் ரேடியோ பெட்டியைத் திறக்கும் கௌஸ் பாஷாதான் வழி சொன்னார். "செய்தி கேட்டுட்டுப் போங்க நயினாரே. ரேடியோக்காரன் இன்னா சொல்றான்னு பாப்போம்."

செய்தி நேரத்துக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிட்டது. இனிமேல் இன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்று தெரிந்தும் அப்பாண்டைநாதன் நகரவில்லை. கடைசியில் கம்பத்து ஒலிபெருக்கி கணீரென்று சொன்னது: "செஞ்சியில் வேர்க்கடலை வியாபாரி ஒருவர் சிறுத்தை ஒன்றை உயிருடன் பிடித்தார்." அவ்வளவுதான், அடுத்தது மழை நிலவரம்.

அப்பாண்டைநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதுவும் நடக்காத சங்கதிதான். ஆனாலும் எவ்வளவு நல்ல சங்கதி என்று நினைத்துக்கொண்டார்.

அன்றே பஜார் இரண்டு கட்சியானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பேப்பர் பக்கம். தெரியாதவர்கள் ரேடியோ பக்கம். காட்டிலாகா திறந்து பார்த்தபோது பக்கத்தில் நின்றவர்களும்கூட ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். குடோன் காலியாக இருந்தது என்று சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் அப்பாண்டைநாதன் சைக்கிளை எடுத்தார். கேரியரில் சாட்சிக்குக் கௌஸ் பாஷா. சிங்கவரத்தில் நேமிராஜ் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மகன், மாப்பிள்ளை புஷ்பதந்தன், நிலைக்கதவில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பந்தி, பேப்பர்ல வந்தது பொய்யி. ரேடியோவுல சரியா சொல்லிட்டாங்க, உசுரோட புடிச்சேன்னு," என்றார் அப்பாண்டைநாதன்.

"பேப்பர் இதோ இருக்குது. ரேடியோவுல சொன்னது எங்க இருக்குது?"

"இவரு கேட்டாரு. பெட்டியைத் தெறந்தவரே இவருதான்."

"ரெண்டு காதாலயும் கேட்டேங்க," என்றார் கௌஸ் பாஷா. அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேமிராஜ் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்படின்னா அந்தச் சிறுத்தை இப்ப எங்க?"

கௌஸ் பாஷா முந்திக்கொண்டார். "மெட்ராஸுக்கு லாரியில ஏத்தியாச்சுங்க. மிருகக்காட்சி சாலையில ராஜா மாதிரி இருக்கும்."

"அங்க அதுக்கு இன்னா ஆகாரம் போடுவாங்க?"

"கறிதான். தினம் ஒரு ஆடாவது வேணாமா?" என்றார் கௌஸ் பாஷா பெருமையாக.

நேமிராஜ் பேப்பரை மெதுவாக மடித்தார்.

"பேப்பர்ல சொன்னபடி பாத்தா ஒரு உசுரு போச்சு. ரேடியோவுல சொன்னபடி பாத்தா, சம்பந்தி, அந்தச் சிறுத்தை இருக்கிற வரைக்கும் தினம் ஒரு உசுரு போவும். அத்தனையும் உங்க கணக்குலதான்."

அப்பாண்டைநாதனுக்கு ரேடியோவைவிடப் பேப்பரே தேவலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு வேட்டியை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். மகள் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், இனிமேல் உண்மையைத்தான் பேசுவது என்று தீர்மானித்துவிட்டார்.

"ரெண்டுமே பொய்யி. நான் கொல்லவும் இல்ல, புடிக்கவும் இல்ல. தாழ் போட்டேன், கூரையைப் பிரிச்சிகிட்டு ஓடிப் போச்சு. காலையில குடோன் காலி."

"சிறுத்தையை உங்க கண்ணால பாத்தீங்களா?"

"மதிலேறிக் குதிச்சதைப் பாத்தேன். இருட்டிப் போச்சு. சிறுத்தைதான்னு நெனச்சேன்."

"பாக்காததைப் பாத்தேன்னு ஊரைக் கூட்டியிருக்கீங்க. பேப்பர் ஒண்ணு சொல்லுது, ரேடியோ ஒண்ணு சொல்லுது, இவரு ஒண்ணு சொன்னாரு, நீங்க இப்ப ஒண்ணு சொல்றீங்க. கொலையைக்கூட வுடுங்க. பொய் பேசுற எடத்துல நான் பொண்ணு எடுக்கறதில்ல." நேமிராஜ் எழுந்துவிட்டார்.

"என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன். உள்ளார ஒரு உசுரு இருந்துச்சு. மூட்டையை எல்லாம் தள்ளுச்சு, தெருவே கேட்டுச்சு. நீங்க நம்புற வரைக்கும் நான் இந்த எடத்தை வுட்டு நகர மாட்டேன்," என்று அப்பாண்டைநாதன் கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நேமிராஜ் வாசல் பக்கம் கையைக் காட்டப் போனார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை நிலைக்கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"நைனா, மாமா சொல்றது நெசம்தான், ஜெயமாலாவை ஒரு தடவை பாத்துட்டு வரலாம்னு மதிலேறிக் குதிச்ச என்னைத்தான் அவரு குடோன்ல வெச்சித் தாழ் போட்டாரு."